ஸ்பேம் என்று நான் குறித்த மெயில்

நான் எழுமலைக்காரன். எங்கள் பக்கம் செருப்பைக் கவிழ்த்துத் தட்டாமல் யாரும் கால் நுழைக்க மாட்டார்கள். உள்ளே தேள் இருக்கும். மதுரைக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. குடியிருப்பது இரண்டாவது மாடி, தேள் ஏறி வர வழியே இல்லை. இன்றும் தட்டிவிட்டுத்தான் போடுகிறேன். "ஒங்களுக்குத் தேள் வந்தாத்தான் நிம்மதி" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நான் சந்தேகப்பட்டது சரியென்று தெரியவரும்போது எனக்கு ஏற்படும் சந்தோஷம் பண்டிகைக்குக்கூட வருவதில்லை.

இந்தக் குணத்துக்குச் சம்பளமும் கொடுக்கும் வேலை கம்ப்யூட்டர் பராமரிப்புதான். முனிச்சாலைப் பக்கம் சாயப்பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக அந்த வேலை பார்க்கிறேன். முதலாளி குடும்பம் சௌராஷ்டிரர்கள். ஆபீசில் முக்கால்வாசிப் பேர் அவர்கள் ஆட்கள்தான். என்னிடம் தமிழில் பேசுவார்கள்; முகத்தை அந்தப் பக்கம் திருப்பினால் வீட்டு மொழிக்குப் போய்விடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு நாள் வாய்விட்டே கேட்டேன். யார் வீட்டுக் குழம்பில் உப்பு அதிகம் என்று பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். அதையும் நான் முழுதாக நம்பவில்லை.

போன ஆடி மாதம் எங்கள் ஆபீசுக்குள் ஒரு மெயில் வந்தது. கூரியர் கம்பெனி ரசீது மாதிரி ஒரு இணைப்பு. யாரோ திறந்துவிட்டார்கள். அன்று மத்தியானத்துக்குள் எல்லா மெஷினிலும் இருந்த கோப்புகள் பூட்டிக்கொண்டன. நான்கு நாள் ஆர்டரை நோட்டில் எழுதி, சாய டிரம்களை வாய்மொழியாக ஏற்றி அனுப்பினோம். யார் திறந்தது என்று கேட்டால் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் "நான் இல்லை" என்றார்கள்.

முதலில் படுத்தது கணக்குப் பிரிவு அக்காவின் மெஷின். ஐம்பத்து மூன்று வயது இருக்கும். கணவர் இறந்து பல வருடமாகிறது, ஒரே மகள். நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறவர். வாரத்தில் ஒரு நாளாவது தன் டிபன் பாக்ஸின் மேல்தட்டை எனக்கென்று எடுத்து வைப்பார். இருந்தும், முதலில் படுத்தது அவர் மெஷின் என்பதால் திறந்ததும் அவர்தான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகத்தை வெளியே சொல்லிவிட்டால் எதிராளி உஷாராகிவிடுவான் என்பது என் எண்ணம். அவர் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே அவரைக் கவனித்து வந்தேன்.

எல்லாம் சரியான பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இனிமே ஒரு குப்பையும் உள்ள வரக் கூடாது. ஸ்பேமைத் தடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. நமக்கு வர வேண்டிய மெயில் ஒண்ணு தவறுச்சு, ஒங்களத்தான் கேப்பேன்."

இரண்டு கட்டளையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஒன்றுக்கொன்று முட்டும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இப்படியொரு வேலைக்காகத்தானே பிறந்தோம் என்று குஷியாக இருந்தது.

மூன்று சாஃப்ட்வேர்களைச் சோதனைக்கு எடுத்தேன். முதலாவது சென்னைக்காரர்களுடையது. எங்களுக்கு வரும் மெயில் எல்லாம் முதலில் அவர்கள் இடத்துக்குப் போய், சலித்த பிறகு எங்களுக்கு வரும். "நடுவுல நீங்க படிச்சா?" என்று கேட்டேன். "நாங்க படிக்க மாட்டோம் சார், மெஷின்தான் படிக்கும்" என்றார் வீடியோவில் பேசியவர். மெஷினை வைத்திருப்பவர் யார் என்று கேட்டதற்கு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதோடு அந்த சாஃப்ட்வேர் எங்கள் தொழிலையே புரிந்துகொள்ளவில்லை. சாயத்தில் ஹாட் பிராண்ட், கோல்டு பிராண்ட் என்று இரண்டு ரகம் உண்டு. சுடுதண்ணீரில் பிடிப்பது ஒன்று, பச்சைத்தண்ணீரில் பிடிப்பது ஒன்று. ஹாட் பிராண்ட் என்று எழுதிய மெயில்களை எல்லாம் ஆபாசம் என்று பிடித்து வைத்துவிட்டது. சாயப்பட்டறைக்காரர்கள் போன் போட்டு என்னைத் திட்டினார்கள்.

இரண்டாவது, கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பெட்டி. பெட்டியை மாட்டிய மறுநாளே முதலாளிக்கு வெளிநாட்டு லாட்டரியில் பரிசு விழுந்திருப்பதாக மெயில் வந்தது. பெட்டியைக் கழற்றி அனுப்பிவிட்டேன்.

மூன்றாவதை விற்க வந்தவர் மதுரைக்காரர், கே.கே. நகரில் ஆபீஸ். பேச்சில் வெண்ணெய் தடவியவர். "இது மத்தது மாதிரி இல்ல சார். நீங்க எத ஸ்பேம்னு சொல்றீங்களோ அதப் பாத்துக் கத்துக்கும். ஒரு மாசம் நீங்க சொல்லிக்குடுங்க. அப்புறம் அது அப்படியே ஒங்கள மாதிரி யோசிக்கும்" என்றார். வேறு யார் சொன்னாலும் இவன் ஏதோ சுற்றுகிறான் என்று நினைத்திருப்பேன். அந்தக் கடைசி வரியில் விழுந்துவிட்டேன்.

அது வேலை செய்யும் விதம் எளிது. ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடும். தெரியாத முகவரி என்றால் ஒரு மார்க். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் ஒன்று. அவசரம் என்ற வார்த்தைக்கு ஒன்று. ஒவ்வொரு இணைப்புக்கும் இரண்டு. புரியாத மொழி என்றால் இரண்டு. ஐந்தைத் தாண்டினால் மெயில் உரியவருக்குப் போகாமல் குவாரன்டைனில் உட்கார்ந்துவிடும். கொரோனாவுக்குப் பிறகு இந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தினமும் காலையில் நான் அந்தப் பட்டியலைத் திறந்து, நல்லதை விடுவிக்க வேண்டும், கெட்டதை ஸ்பேம்தான் என்று உறுதி செய்ய வேண்டும். உரியவர்களுக்குத் தகவல் போகாது. தங்களுக்கு ஒரு மெயில் வந்து நின்றிருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அந்தப் பட்டியலை டீயோடு பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. உலகத்தில் உள்ள அம்புட்டுப் பேரும் முனிச்சாலையில் ஒரு சாயக் கம்பெனியை ஏமாற்றத்தான் விடிந்ததும் எழுந்திருக்கிறார்கள் என்று தோன்றும். நான் ஒவ்வொருவரையும் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதே சமயத்தில் அக்காவைப் பற்றிய இன்னொரு விஷயம் என் கண்ணில் பட்டது. எங்கள் ஸ்கேனரில் பேப்பரை வைத்து அப்படியே மெயிலில் அனுப்பலாம். யார் எங்கே அனுப்பினார்கள் என்பது பதிவாகும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கை கழுவப் போயிருக்கும்போது, அக்கா வெளி முகவரிகளுக்கு நாலைந்து பக்கம் அனுப்பியிருந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. எங்கள் தொழிலில் எந்தச் சாயத்தை எந்த அளவில் கலந்தால் என்ன நிறம் வரும் என்ற குறிப்புத்தான் உயிர். அது வெளியே போகிறதோ என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவர் ஸ்கேனர் பக்கத்தில் நிற்கும்போது போய், "என்னக்கா, மெஷின் நல்லா வேல செய்யுதா?" என்றேன்.

"நல்லாத்தான் செய்யுது தம்பி" என்றவர், கையிலிருந்த பேப்பரைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பட்டியலின் உச்சியில் ஒரு மெயில் நின்றது. பெறுநர், அக்கா. அனுப்பியவர் இலவச முகவரி ஒன்றிலிருந்து, முன்பின் வராத ஆள். தலைப்பு முழுக்கப் பெரிய எழுத்து, அதில் அவசரம் என்ற வார்த்தை. ஒரு புகைப்படம், ஒரு கோப்பு. உள்ளே எழுதியிருந்தது ஆங்கில எழுத்துதான், ஆனால் ஆங்கிலம் இல்லை. தமிழும் இல்லை. வாய்க்குள் படித்துப் பார்த்தேன், ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. ஏதோ வட ஐரோப்பிய நாட்டு மொழி என்று முடிவு செய்தேன். ஒன்பது மார்க் வாங்கியிருந்தது. அதுவரை எட்டைத் தாண்டியது ஒன்றும் இல்லை.

அக்காவின் மேஜை என் மேஜையிலிருந்து பன்னிரண்டு அடி. எழுந்து போய், "அக்கா, இது ஒங்களுக்கு வந்ததா?" என்று கேட்டிருக்கலாம். வேறு யாருக்கு வந்திருந்தாலும் கேட்டிருப்பேன். சந்தேகத்தில் இருப்பவரிடமே போய்ச் சாட்சியைக் காட்டுவார்களா என்று நினைத்து, ஸ்பேம்தான் என்று உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினேன். மிச்சம் இருந்த டீயைக் குடித்தேன்.

அடுத்த வாரத்திலிருந்து அக்கா ஒரு மாதிரியாக இருந்தார். டிபன் பாக்ஸ் மேல்தட்டு வருவது நின்றது. ஸ்கேனர் பக்கமே போவதில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற பயம் வந்துவிட்டது என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். ஒரு நாள் மூன்று மணிவாக்கில் தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, எனக்கு வர்ற மெயிலெல்லாம் ஒழுங்கா வந்துக்கிட்டுத்தான இருக்கு?"

"வர வேண்டியதெல்லாம் வருதுக்கா" என்றேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தபடி, "ஏன், யார்ட்டயிருந்தாவது எதிர்பாக்குறீங்களா?" என்று கேட்டேன். கேட்ட தோரணை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஸ்டேஷனில் உட்கார வைத்துக் கேட்பதுபோல இருந்தது.

"இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று போய்விட்டார்.

மாதம் முடிந்ததும் சாஃப்ட்வேர்காரர் அறிக்கையோடு வந்தார். முதலாளி அறையில் சுவரில் படம் போட்டுக் காட்டினார். முதலாளி, அக்கா, நான். வாங்குவதென்றால் கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் இருக்க வேண்டும் என்பதால் அக்காவும் வந்து கதவோரமாக உட்கார்ந்திருந்தார். வட்ட வட்டமாகப் படங்கள், சிவப்பு, பச்சை. கடைசியாக, "இப்ப இந்த மாசத்துலயே பெரிய மீனக் காட்டுறேன் சார்" என்று ஒரு மெயிலைத் திறந்தார்.

"பாருங்க சார். தெரியாத ஐடி. அவசரம்னு போட்ருக்கான். என்ன பாஷன்னே தெரியல. கூட ரெண்டு இணைப்பு. கிளிக் பண்ணிருந்தா அம்புட்டுத்தான். நம்ம மெஷின் ஒம்பது மார்க் குடுத்துப் புடிச்சிருக்கு. சாரும் ஸ்பேம்தான்னு கன்ஃபார்ம் பண்ணிருக்காங்க." கீழே என் பெயரும், நான் பொத்தானை அழுத்திய நேரமும் இருந்தன.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சுவரில் இருந்ததை மெல்ல உரக்கப் படிக்க ஆரம்பித்தார். இரண்டாவது வரியிலேயே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதினோரு வருடமாக இடைவிடாமல் காதில் விழுந்த ஓசை. ஐரோப்பாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அவர்கள் வீட்டு மொழியை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்டிருக்கிறேனே தவிர எழுத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பாதியில் முதலாளி நிறுத்திவிட்டார். அக்கா எழுந்து சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். மிச்சத்தை அவரே படித்தார், சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைய. மெயிலின் வெளிச்சம் அவர் முகத்திலும் விழுந்தது. சாஃப்ட்வேர்காரர் விவரம் புரியாமல், "எந்த நாட்டு பாஷ சார் அது?" என்றார். "எங்க வீட்டு பாஷ தம்பி" என்று முதலாளி சொன்னார். படத்தை அணைத்துவிட்டு அவரை வெளியே போகச் சொன்னார்.

பிறகு என்னிடம் தமிழில் சொன்னார். அக்காவின் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கேனரில் போனதெல்லாம் ஜாதகமும் பெண்ணைப் பற்றிய குறிப்பும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டம் தெளிவாக விழவில்லை என்று முன்பு சிலர் சொன்னதால் அக்கா மெயிலில் அனுப்பியிருக்கிறார். இப்போது போன் நம்பரும் யாருக்கும் கொடுப்பதில்லை. அதற்குக் காரணமும் நான்தான். முந்தின வருடம், தெரியாத நம்பரிலிருந்து போன் மேல் போன் வருகிறது என்று அக்கா சொன்னபோது, "இனிமே நம்பரே குடுக்காதீங்க, ஆபீஸ் மெயில் ஐடிய மட்டும் குடுங்க. இங்க நான் பாத்துக்குறேன்" என்று பெரிய மனுஷனாகச் சொல்லியிருந்தேன். அவர் அப்படியே செய்திருக்கிறார்.

மெயில் எழுதியவர் திண்டுக்கல்லில் இருக்கும் பையனின் அப்பா. ஜாதகம் பொருந்துகிறது, ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம், வியாழக்கிழமைக்குள் சம்மதத்தை எழுதுங்கள், பதில் இல்லையென்றால் உங்களுக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். இந்தக் கடைசி வரி எனக்கு விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கமும் இதேதான். வரன் விஷயத்தில் வேண்டாம் என்று யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், பதில் சொல்லாமல் இருந்துவிடுவார்கள். பதில் வரவில்லையே என்று திரும்பக் கேட்பதும் கிடையாது. கேட்டால் மதிப்புப் போய்விடும். இரண்டு பக்கமும் கௌரவமாக வாயை மூடிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போய்விடுவார்கள்.

"இன்னொண்ணும் எழுதிருக்காரு தம்பி" என்றார் அக்கா. "எம் மக அவ குறிப்புல ஒரு வரி எழுதிருந்தா. கல்யாணத்துக்கு அப்புறமும் அம்மா என்னோடதான் இருப்பாங்கன்னு. அத எடுத்துடு, ஒரு பயலும் வர மாட்டான்னு நான் சண்ட போட்டேன். கேக்க மாட்டேன்னுட்டா. பதில் வரலன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான்தான் குறுக்க நிக்கிறேன்னு. நானே அந்த வரிய அழிச்சு வேற எடத்துக்குத் தபால்ல அனுப்பினேன். அழகர்கோயில் ரோட்டுல பெரியவங்க தங்குற எடம் ஒண்ணு இருக்குல்ல, அங்க எடம் கெடைக்குமான்னு போய்க் கேட்டுட்டும் வந்தேன்."

"அந்த வரியப் பத்தி அவரு என்ன எழுதிருக்காரு?" என்று கேட்டேன்.

"எங்க மாமியார் கடைசி வரைக்கும் எங்களோடதான் இருந்தாங்க, அவங்க ரூம் இப்ப காலியா இருக்கு, நீங்க தாராளமா வாங்கன்னு எழுதிருக்காரு" என்றார் அக்கா.

அவமானமாக இருந்தது. கால் வரை கூசியது.

மெயிலின் அடியில் நம்பரும் வீட்டு முகவரியும் இருந்தன. முதலாளி போட்டார், மணி அடித்து நின்றது. மறுபடி போட்டதற்கு வெட்டிவிட்டார்கள். என் போனிலிருந்து நான் போட்டேன். எடுத்து, "யாரு?" என்றது ஒரு கனத்த குரல். "சார், நீங்க அனுப்பின மெயில் எங்க ஆபீஸ்ல ஒரு மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்று தொடங்கினேன். "ஒங்க மாதிரி எத்தன பேரப் பாத்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு என் நம்பரிலிருந்து மணியே போகவில்லை. தடுத்துவிட்டிருந்தார்.

"நான் நேர்ல போறேன்" என்றேன்.

முதலாளி யோசித்தார். "பொண்ணு வீட்டுக்காரங்க போய் நிக்க முடியாது. நீங்க போறதுன்னா, ஆபீஸ் தப்பு பண்ணிருச்சு, சொல்ல வந்தேன்னு சொல்லிக்கலாம். போய்ட்டு வாங்க."

மெயிலையும், அது வந்து நின்ற நேரம், நான் அழுத்திய நேரம் எல்லாம் இருக்கும் பதிவையும் அச்செடுத்துக்கொண்டு மறுநாள் காலை திண்டுக்கல் பஸ் ஏறினேன். வாடிப்பட்டி தாண்டும்வரை, இன்னும் நேரம் இருக்கிறது, மூன்று வாரம்தானே, மூன்று வாரத்தில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

பையனின் அப்பா கம்பிக் கதவைத் திறக்கவில்லை. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி என் ஆபீஸ் அடையாள அட்டையை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் இப்ப எந்தக் கடையிலயும் அடிச்சுத் தர்றான்" என்றார். வேறு சமயமாக இருந்தால் அவரை எனக்கு மிகவும் பிடித்திருக்கும். காகிதங்களை நீட்டினேன். தன் மெயிலைப் பார்த்ததும் முகம் மாறியது. பதிவை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"இதுல ஸ்பேம்னு உறுதி பண்ணினதா ஒரு பேர் இருக்கே, யார் அது?"

"நான்தான் சார்."

"ஒங்களுக்கு எங்க பாஷ தெரியுமா?"

"தெரியாது சார்."

"படிக்கத் தெரியாதத எப்படி மோசம்னு முடிவு பண்ணீங்க?"

அவரே தொடர்ந்தார். "சரி, அது மாட்டிக்கிச்சு. ரெண்டாவது அனுப்பினதுக்கும் ஏன் பதில் போடல?"

"ரெண்டாவதா?"

"அடுத்த புதன்கிழம இன்னொண்ணு எழுதினேனே. எங்க ஆளுக யாரும் ரெண்டாவது தடவ கேக்க மாட்டாங்க. நானும் கேட்டிருக்க மாட்டேன். என் சம்சாரம்தான், அம்மாவ விட மாட்டேன்னு எழுதுன பொண்ணு நம்ம வீட்டுக்கு வேணும், கௌரவம் பாக்காம இன்னொரு தடவ எழுதுங்கன்னா. எழுதினேன். அதுக்கும் ஒரு வரி இல்ல."

குவாரன்டைனில் இரண்டாவது மெயில் எதையும் நான் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. நான் சொல்லிக்கொடுத்ததை அது கற்றுக்கொண்டுவிட்டது. அதே ஆள், அதே மொழி, ஏற்கெனவே நான் ஸ்பேம் என்று சொன்னது. என்னிடம் காட்டக்கூட இல்லை, வாசலிலேயே அழித்துவிட்டது. என்னை மாதிரியே யோசித்திருக்கிறது.

அவர் இப்போது கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார்கள். உட்கார்ந்த பிறகு நிதானமாகச் சொன்னார்: "போன வெள்ளிக்கிழமதான் பழனியில ஒரு எடம் பேசி முடிச்சோம். வாக்குக் குடுத்தாச்சு. இனி மாத்த முடியாது. அந்த அம்மாகிட்ட நான் கேட்டதாச் சொல்லுங்க." அவர் மனைவி கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆபீஸ் பதிவைத் தோண்டினேன். புதன்கிழமை, பதினொன்று நாற்பது. ஒரே ஒரு வரி. மெயில் அழிக்கப்பட்டது என்று இருந்தது. அந்த மெயிலில் என்ன எழுதியிருந்தது என்பதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

முதலாளியிடம் போய், கற்றுக்கொள்ளும் சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம் என்றேன். கடைசியில் சென்னைக்காரர்களுடையதையே வாங்கினோம், எதையும் பிடித்து வைக்காமல், சந்தேகமான மெயிலின் தலையில் ஒரு குறி மட்டும் போட்டு அவரவரிடமே அனுப்பும்படி மாற்றி வைத்து. முதலாளி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஆடி மாதம் அந்த ரசீதைத் திறந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் தேடுவதையும் விட்டுவிட்டேன்.

பதிவைத் தோண்டிய அன்றே, பழைய சாஃப்ட்வேரைக் கழற்றுவதற்கு முன்னால், அக்காவிடம் திண்டுக்கல் சமாச்சாரம் முழுவதையும் சொன்னேன். பழனி சம்பந்தம் பேசி முடித்ததைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டார். இரண்டாவது மெயிலைச் சொன்னபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

"ரெண்டு தடவையா எழுதுனாங்க?"

"ஆமாக்கா."

"நானும் ஒங்ககிட்ட ஒரு தடவ வந்து கேட்டேனே தம்பி" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. எனக்கு அதைவிட வேறு தண்டனை தேவைப்படவில்லை.

பிறகு, "அந்த மொத மெயில எனக்கு அனுப்பி விடுங்க" என்றார். விடுவிக்கும் பொத்தானை அழுத்தினேன். அவர் மெயில் பெட்டியில் மேலே எதுவும் வரவில்லை. வந்த தேதிப்படி அது மூன்று வாரத்துக் கீழே போய் உட்கார்ந்துவிட்டது. சாயப்பட்டறை மெயில்களையும் லாரிக்காரர்கள் மெயில்களையும் தள்ளித் தள்ளிக் கீழே இறங்கி, அதைத் தேடி எடுத்து, பதில் எழுத உட்கார்ந்தார். தன் மொழியில், ஆங்கில எழுத்தில், ஒற்றை விரலால். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை.

பாதியில் நிமிர்ந்து, "சந்தேகம் வராத மாதிரி எப்படித் தம்பி எழுதணும்?" என்று கேட்டார்.

"நீங்க எப்பவும் எழுதுற மாதிரியே எழுதுங்கக்கா" என்றேன். பிறகு மனசு கேட்காமல், "அங்கதான் முடிஞ்சுபோச்சே. இனிமே எதுக்குக்கா பதிலு?" என்றேன்.

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தார்.

"பதில் போடாம விட்டா, நான் வேண்டாம்னு சொன்ன மாதிரில்ல ஆயிரும்" என்று சொல்லிவிட்டு, மீண்டும் எழுத்துகளைத் தேட ஆரம்பித்தார்.